ஹிசானோ அத்தையின் அங்கியில் வந்த வண்டு

ஹிசானோ அத்தை அளவுக்குப் பயப்படத் தெரிந்தவர்கள் எங்கள் நாகுமா தீவில் வேறு யாரும் இல்லை. விமானம் தலைக்கு மேல் போனால் கழுத்தைச் சுருக்கிக்கொள்வாள். புயல் அறிவிப்பு வந்த உடனே ஜன்னல்களுக்குப் பலகை அடித்து முடிப்பாள். பிறகு, "ஆணி சரியா இறங்கலையோ" என்று எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி அடிப்பாள். சர்க்கரை ஆலையில் கரும்பு லாரிகளை எடை போடும் மேடையில் அவளுக்கு வேலை. ஒவ்வொரு லாரி ஏறும்போதும் மேடை லேசாக அதிரும். "இன்னைக்கு இது உள்ள போயிடும் பாரு" என்று சொல்லிக்கொண்டே எடையை எழுதுவாள். சொல்லாத நாள் கிடையாது.

"உன் அத்தையக் கட்டினதுக்குப் பதிலா ஆலைச் சங்கைக் கட்டியிருக்கலாம்டா," என்பார் எய்சுகே மாமா. அவர் அவளுடைய கணவர். கரும்பு வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறார். "சங்காவது நேரத்துக்குத்தான் ஊதும்."

அப்படிப்பட்ட அத்தையைத்தான் கோயில்காடு கேட்டது.

ஜப்பான் வரைபடத்தில் எங்கள் தீவுக்கு இடம் போதாது. ஓரத்தில் தனிக் கட்டம் போட்டு அதற்குள் அடைத்திருப்பார்கள். அந்தப் புள்ளிக்குள் பாதிக்குமேல் கரும்பு. மேட்டில் இருக்கும் கோயில்காடு மட்டும் யாரும் கை வைக்காதது. அங்கே கோயில் என்று எதுவும் இல்லை. இச்சி மரங்களும் விசிறிப் பனைகளும் முழங்கால் உயரத்துக்குச் சருகும்தான். நடுவில் ஒரு வெறும் கல். ஆண்களுக்கு வாசல் கல்லோடு சரி, அதைத் தாண்டக் கூடாது. உள்ளிருந்து ஒரு சுள்ளி, ஒரு இலைகூட வெளியே வரக் கூடாது. செத்தது எதுவும் உள்ளே போகக் கூடாது. வீட்டில் சாவு விழுந்த பெண்ணே அந்த வருஷம் முழுக்க ஒதுங்கித்தான் நிற்க வேண்டும்.

பூசை செய்கிறவள் பெண். அவளை ஊர் தேர்ந்தெடுப்பதில்லை. பெயர்களைச் சீட்டில் எழுதிச் சுருட்டி, தட்டில் போட்டுக் குலுக்குவார்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்பத் துள்ளி வெளியே விழுந்தால், உள்ளே இருப்பவர் கேட்ட ஆள் அவள்தான். அத்தையின் பெயர் அப்படி விழுந்த அன்று, அவள் எடை மேடை அறையில் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். கூட்டுறவுக் கடை நடத்தும் கமேயோதான் தேடிக் கண்டுபிடித்தாள். அவளுக்கு முந்தைய முறை பூசைக்காரி கமேயோதான்.

"நான் வரலன்னு சொல்லிடுங்க அக்கா."

"யாருகிட்ட சொல்லச் சொல்ற?" என்று கேட்டாள் கமேயோ.

அத்தை மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெமா வீட்டில் முதல் பட்டதாரி நான். அப்பா, தாத்தா, அவருக்கு அப்பா எல்லாரும் கரும்பு வெட்டியவர்கள். எங்கள் வீட்டுக் கைகளில் காய்ப்பு இல்லாத முதல் கை என்னுடையது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. கப்பலேறிப் போய் விலங்கியல் படித்தேன். வண்டுகளில், அதுவும் சருகுக்குள் வாழும் ஒரு வகை வண்டில், தனியாகப் பயிற்சி எடுத்தேன். மற்ற வண்டுகளுக்கு இறக்கை மூடி உடம்பு முழுக்க வரும். இவற்றுக்குக் குட்டையான சட்டை போட்டதுபோல இடுப்போடு நின்றுவிடும். மிச்ச உடம்பைத் தேள் மாதிரித் தூக்கிக்கொண்டு ஓடும். படித்து முடித்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கே அறிவியல் ஆசிரியராகத் திரும்பினேன். வந்த நாளிலிருந்து அந்தக் காட்டுச் சருகை வாசல் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், பசித்தவன் பந்தியைப் பார்ப்பதுபோல.

அந்த மழைக்காலத்துப் பூசை முடிந்த மத்தியானம் நான் அத்தை வீட்டில் இருந்தேன். அப்பா கொடுத்தனுப்பிய மீனை மாமா சுத்தம் செய்துகொண்டிருந்தார். பின்கட்டிலிருந்து அத்தையின் அலறல். மாமா பாம்பென்று நினைத்து மண்வெட்டியோடு ஓடினார்.

அத்தை துவைக்கும் தொட்டியைக் காட்டினாள். பூசைக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளை அங்கி சோப்பு நீரில் ஊறிக்கொண்டிருந்தது. நுரையின் மேல் எள்ளைவிடச் சின்னதாகச் செம்பழுப்பு நிறத்தில் ஏதோ மிதந்தது.

"என்கூட வந்துடுச்சு," என்றாள். "எப்பவும் கல்லத் தாண்டறதுக்கு முன்னாடி அங்கிய உதறுவேன், முடிய உதறுவேன், செருப்ப உதறுவேன். இன்னைக்கு மழை கொட்டிச்சா, ஓடி வந்துட்டேன்."

"இதுக்கா இந்தக் கத்து கத்தின?" என்று மாமா மண்வெட்டியைக் கீழே போட்டார். "நான் மீன் வயித்துலயே கைய வெட்டியிருப்பேன்."

நான் அதை விரல் நுனியில் எடுத்தேன்.

"உயிர் இருக்கா? நல்லாப் பாருடா தாக்கா."

"இல்ல அத்தை."

அவள் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வெளிய வரக் கூடாதது வந்துடுச்சு. இப்போ செத்துடுச்சு, உள்ள போகவும் கூடாது. இத நான் எங்கடா வைப்பேன்?"

"என்கிட்ட குடு."

"எடுத்துட்டுப் போ. என் கண்ணுல மட்டும் காட்டாத."

பள்ளி ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஊசி குத்தியதுபோல ஒரு தடம், அவ்வளவுதான். குட்டை மூடியைத் தூக்கிப் பார்த்தால் அதற்கடியில் இறக்கையே இல்லை. பறக்காமல், பார்க்காமல், அந்த ஒரு மேட்டுச் சருகுக்குள்ளேயே எத்தனை காலமாகவோ இருந்திருக்கிறது. நான் படித்த எந்த நூலிலும் இப்படி ஒன்று இல்லை. முறைப்படி எல்லாம் செய்தேன். சின்ன அட்டைத் துண்டில் நீரில் கரையும் பசையால் ஒட்டினேன். வயிற்று நுனியைப் பிரித்து, தெளிய வைத்து, தனிக் கண்ணாடித் துண்டில் வைத்தேன். படம் எடுத்தேன். தலை, மார்பு, ஒவ்வொரு மயிர்க்கால் என்று வரைந்தேன். வரையும்போது மூச்சை வாயால் விடக் கூடாது. விட்டால் உலகத்தில் இருக்கும் ஒரே வண்டு அட்டையோடு மேசைக்கு அடியில் போய்விடும். அப்புறம் விவரணை எழுத உட்கார்ந்தேன். "உடல் செம்பழுப்பு, தலை சற்று வெளிர், உணர்கொம்பின் கடைசிக் கணு நீண்டது…" அந்தப் பக்கத்தைப் போல நான் வாழ்க்கையில் எதையும் அழகாக எழுதியதில்லை.

படங்களைப் பார்த்துவிட்டுப் பேராசிரியர் ஒகிமுரா தொலைபேசியில் கூப்பிட்டார். கையில் தூரிகை இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டேன். அந்த நேரம் பார்த்து அத்தை, வறுத்த தோஃபுவும் சோறும் கட்டிய டப்பாவோடு வாசலில் வந்து நின்றாள். கண்ணில் காட்டாதே என்றவள்தான். ஆனால் அதை நான் எங்கே வைத்திருக்கிறேன் என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

"நெமா, புதுசுதான். சந்தேகமே இல்ல," பேராசிரியரின் குரல் ஆய்வுக்கூடம் முழுக்க ஒலித்தது. "ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் போதும், விவரிச்சுடலாம். அடுத்த கப்பல்லயே அனுப்பு. அந்தத் தீவு ஈரத்துல விட்டா பூஞ்சை தின்னுடும். அருங்காட்சியகத்துல மூலமாதிரியா பத்திரமா வச்சுடலாம். மாதிரி இல்லாம பேரு வைக்க முடியாது, தெரியுமில்ல? அப்புறம் ஒண்ணு கவனிச்சியா? இது பொட்டை. வயித்துல முட்டை இருக்கு. அவ்வளவு சின்ன உடம்புல எவ்வளவு பெரிய முட்டை! இன்னும் கொஞ்ச நாள்ல போட்டிருக்கும்."

நான் பெருமையோடு திரும்பினேன். அத்தை டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் மகள் சிஹாருவுக்கு அப்போது மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தீவில் பிரசவம் பார்க்க ஆள் கிடையாது. நாள் நெருங்குவதற்கு முன்பே பெரிய தீவுக்குப் போய், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துக் காத்திருப்பார்கள். சிஹாருவும் அங்கே போயிருந்தாள்.

அடுத்த நாள் காலை அவளுக்கு ரத்தப்போக்கு என்று தகவல் வந்தது. நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை மறைத்திருக்கிறது, அசையாமல் படுக்க வைத்திருக்கிறார்கள் என்றான் மருமகன், சிஹாருவின் கணவன். கடல் கொந்தளிப்பில் படகு நின்றுபோயிருந்தது, அத்தையால் போகவும் முடியாது.

அவள் கடைக்கு ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். கமேயோ முள்ளங்கிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உள்ள இருந்து வந்தது திரும்பப் போகணுமா?"

"போகணும்."

"செத்ததுன்னா?"

கமேயோ முள்ளங்கியைக் கையில் வைத்தபடி நின்றாள். "செத்தது உள்ள போகக் கூடாது."

"அப்போ?"

"என் முறையில எதுவும் வெளிய வரல ஹிசானோ. எனக்கு முன்னாடி இருந்தவங்க முறையிலயும் வரல. எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். குரலை இறக்கி, "என்கிட்ட கேட்டேன்னு வெளிய சொல்லாத," என்றாள்.

தெரிந்தவள் என்று இருந்த ஒரே ஆளும் பயந்துவிட்டாள்.

மத்தியானம் நான், கடல் தணிந்ததும் கிளம்பும் முதல் கப்பலுக்காக வண்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் பெட்டி, நடுவே பஞ்சு. அத்தை உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"தாக்கா, அதக் குடு."

"அத்தை, உலகத்துல இதுக்கு இன்னும் பேரே கிடையாது. இது போய்ச் சேர்ந்தா நம்ம தீவு பேரு எல்லா நூல்லயும் வரும்."

"பேரு இருக்கான்னு நான் கேக்கல. அதுக்கு வீடு இருக்கு."

"சிஹாருவுக்கு நஞ்சு கீழ இறங்கியிருக்கு. டாக்டர் தெளிவாச் சொல்லிட்டாரு. இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"எங்க இறங்கியிருக்குன்னு சொன்னாரு. ஏன் இறங்கிச்சுன்னு சொன்னாரா?"

நான் வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை.

"நீ படிச்சவன். உள்ள ஒண்ணும் இல்லன்னு உனக்குத் தெரியும். வா, என்கூட இப்பவே வா. கல்லத் தாண்டி உள்ள வா. நீயே உன் கையால எத்தன வேணும்னாலும் எடுத்துக்கோ. நான் வாயத் திறக்க மாட்டேன்."

சருகு முழுக்க வண்டு. நான் வந்த நாளிலிருந்து ஆசைப்பட்டது அதுதான். ஆனால் என் கால் நாற்காலிக்கு அடியில் ஒட்டிக்கொண்டது. என் பட்டம் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. அதையும் பார்த்தேன், அத்தையையும் பார்த்தேன். அவள் உதடு வறண்டு வெடித்திருந்தது. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டாள்.

பெட்டியைப் பிரித்தேன்.

"முழுசா வேணும்," என்றாள். "அட்டை வேணாம், பசை வேணாம். எப்படி வந்துச்சோ அப்படி. முட்டையும்."

வெந்நீர்ச் சொட்டு விட்டுப் பசையை இளக்குவது நான் பலமுறை செய்த வேலை. அத்தை என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டாள்.

"அத்தை, அந்தப் பக்கம் திரும்பி மூச்சு விடு."

"சரி, சரி."

கால்கள் ஒவ்வொன்றாகப் பசையிலிருந்து விடுபட்டன. கண்ணாடித் துண்டில் வைத்திருந்த வயிற்று நுனியையும் எடுத்தேன். கடைசியில் தூரிகையை எடுக்கும்போது இடது உணர்கொம்பு பாதியில் முறிந்தது. அந்தத் துணுக்கு மேசையில் இல்லை. கண்ணாடியில் இல்லை. இரண்டு பேரும் தரையில் முட்டி போட்டுத் தேடினோம். அத்தை வாய்க்குள்ளேயே அழ ஆரம்பித்தாள். கடைசியில் அது அவள் கட்டைவிரலிலேயே ஒட்டியிருந்தது.

"உடைஞ்சுடுச்சே."

"அப்படியே கொண்டு போ அத்தை. உடைஞ்சதும் சேர்ந்ததுதான்."

"உடைஞ்சதையா திருப்பிக் குடுக்கறது?" என்று கேட்டுக்கொண்டே, காட்டரத்தை இலையை மடித்து எல்லாவற்றையும் அதற்குள் வாங்கிக்கொண்டாள்.

செத்த ஒன்றோடு அந்த வாசலைத் தாண்டிய முதல் ஆள் ஹிசானோ அத்தையாகத்தான் இருக்க வேண்டும். அன்று பிற்பகல் வெயிலில் வெள்ளை அங்கியோடு வாசல் கல்லின் முன் நின்றாள். ஒரு கையில் இலைப் பொட்டலம், மறு கையில் அரிசியும் உப்பும் சாராயமும் வைத்த தட்டு. தட்டில் கிண்ணம் கிலுகிலுவென்று ஆடியது. எங்களைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

நானும் மாமாவும் இந்தப் பக்கம். மாமா கையில் தொலைபேசி. வெளியே கரும்பு அலை அலையாகச் சாய்ந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் ஒரு இலைகூட அசையவில்லை. முதலில் சில்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன. பிறகு, யாரோ கையைக் காட்டியதுபோல எல்லாம் ஒன்றாக நின்றன.

"எப்பவும் இவ்ளோ நேரம் ஆகுமா மாமா?"

"எப்பவும் பொணத்தத் தூக்கிட்டா போறா?" என்றவர், சொன்னது அவருக்கே பிடிக்காமல் வாயைத் துடைத்துக்கொண்டார்.

இன்னும் நேரம் போனது. உள்ளே சருகு நொறுங்கும் சத்தம் ஒருமுறை கேட்டது. பிறகு இல்லை.

"ஹிசானோ!"

மாமா கல்லின் மேல் ஒரு காலை வைத்தார். உடனே சுட்டதுபோல எடுத்துக்கொண்டார்.

"நீ போய்ப் பாருடா."

"நான் ஆம்பளை மாமா."

"நான் மட்டும் என்னவாம்?"

அப்போது தொலைபேசி அடித்தது. மருமகன்தான். ரத்தம் நிற்கவில்லையாம், சிஹாருவை அறுவை அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம், தன்னை வெளியே நிறுத்திவிட்டார்களாம். அவன் பேசியதில் பாதி புரியவில்லை. மாமா "சரி, சரி" என்று மட்டும் சொன்னார். வைத்த பிறகு காட்டைப் பார்த்து நின்றார். மனைவியிடம் சொல்ல வேண்டும், ஆனால் போக முடியாது. மகளிடம் இருக்க வேண்டும், ஆனால் போக முடியாது. எப்போதும் ஏதாவது கேலி பேசும் மனிதர் அப்படி நின்றதை நான் பார்த்ததே இல்லை.

அத்தை முதுகு காட்டியபடி வெளியே வந்தாள். உள்ளே பார்த்துக்கொண்டே ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்தாள். கல்லுக்கு அந்தப் பக்கமே நின்று அங்கியை உதறினாள். முடியை அவிழ்த்து உதறினாள். செருப்பைத் தட்டினாள். திரும்ப அங்கியை உதறினாள்.

"கிட்ட வராதீங்க," என்றாள். இன்னொரு முறை உதறிவிட்டுத்தான் கல்லைத் தாண்டினாள்.

மாமா விஷயத்தைச் சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள், முன்பே தெரியும் என்பதுபோல.

"உள்ள என்ன அத்தை?"

"நடுக் கல்லடில சருக விலக்கினேன். அதுங்கதான்டா. நெறைய. வாலத் தூக்கிட்டு ஓடிச்சு. அப்புறம் எல்லாம் நின்னுடுச்சு. பொட்டலத்தப் பிரிச்சு வச்சேன். கொண்டு வந்துட்டேன், உடைச்சுட்டேன், என் புள்ளய விட்டுடுன்னு சொன்னேன். வேற ஒண்ணும் எனக்குச் சொல்லத் தெரியல."

அங்கேயே உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. மாமா தொலைபேசியைத் தரையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது திரும்ப அடித்தபோது எடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை, நான்தான் எடுத்தேன்.

பெண் குழந்தை. ரொம்பச் சின்னது, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். சிஹாருவுக்கு ரத்தம் ஏற்றுகிறார்கள், ஆபத்து இல்லை. இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

அத்தை என் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கினாள். "விரல் எண்ணிப் பாத்தியா? ரெண்டு கையும்? காது? காது ரெண்டும் முழுசா இருக்கா? போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு!"

மருமகன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எல்லாம் இருக்கிறது என்றான். மாமா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார், சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. "பாட்டி ஆயிட்டியே கிழவி," என்று துண்டுக்குள்ளிருந்தே சொன்னார்.

அத்தை சிரிக்கவில்லை. காட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் அங்கியின் மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"நல்லபடியா முடிஞ்சுதே அத்தை. இன்னும் ஏன் பயப்படற?"

அவள் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, மாமாவுக்குக் கேட்காமல் சொன்னாள்: "இத்தன நாளா உள்ள யாரும் இல்லன்னு நெனச்சுதான்டா போயிட்டு வந்துட்டு இருந்தேன்."

பேராசிரியருக்கு உண்மையையே சொன்னேன். "படங்கள் நல்லா வந்திருக்கு," என்றார். "ஆனா மாதிரி இல்லையே நெமா." எனக்குத் தெரியும். உலகத்தில் வேறு எங்கும் இல்லாத ஒன்றை முதலில் பார்த்தவன் நான், அதைக் கடைசி மயிர்க்கால்வரை விவரித்தவனும் நான். அதற்கு இன்றுவரை பெயர் இல்லை. கோபம் வரும் நாட்களும் உண்டு. அந்த நாட்களில்கூட நான் மேட்டுப் பக்கம் போவதில்லை.

அத்தை விமானத்துக்குக் கழுத்தைச் சுருக்குவதை விட்டுவிட்டாள். எடை மேடை அதிர்ந்தாலும் கண்டுகொள்வதில்லை. பூசை நாள் நெருங்கினால் மட்டும் சோறு இறங்குவதில்லை. பேத்தியின் பிறப்பைக் கேள்விப்பட்ட பிறகு ஊர் அவளைத் தேடி வர ஆரம்பித்தது. மகனுக்குப் பரீட்சை, மாட்டுக்குக் கன்று, கரும்புக்கு மழை என்று ஆளுக்கொரு வேண்டுதல். கமேயோகூட மூட்டுவலியைச் சொல்லிவிட்டு ஒரு முள்ளங்கிக் கட்டை வைத்துவிட்டுப் போனாள்.

அத்தை யாருக்காகவும் எதையும் கேட்பதில்லை. உள்ளே போய்த் தட்டை வைத்து, நெற்றி தரையில் பட வணங்கி, வாய் திறக்காமல் திரும்பி வருகிறாள். போன பூசைக்கு முன்னால் ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "நீ கேட்டா குடுப்பாங்க ஹிசானோ! ஒரே ஒரு வார்த்தை!"

"குடுப்பாங்க," என்றாள் அத்தை, கையை விடுவித்துக்கொண்டே. "அதனாலதான் கேக்கல. அப்புறம் அவங்க என்ன கேப்பாங்கன்னு உனக்குத் தெரியுமா?"